கூகுளில் எங்கள் கடை எங்கே?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கடைக்காரர்களிடமிருந்து. செல்போனில் தேடுகிறவர் கண்ணில் நம் கடை எப்படிப் படும் என்பதுதான் எல்லோருக்கும் கவலை. அதனால் சினிமாவும் அரசியலும் அடுத்த இதழுக்குப் போகின்றன.

கே: மூன்று தலைமுறையாகப் பாத்திர வியாபாரம். ஒரு நாளும் விளம்பரம் செய்ததில்லை. மகன், “கூகுளில் போடணும்ப்பா” என்று உயிரை எடுக்கிறான். அவசியமா?
— பாத்திரக் கடைக்காரர், வெங்கலக்கடைத் தெரு

ப: அவசியம். நான் உங்கள் மகன் கட்சி. உங்களைத் தெரிந்தவர்கள் இன்றும் நேராக உங்களிடம்தான் வருவார்கள். அவர்களுக்குக் கூகுள் தேவையில்லை. தெரியாதவர்களை நினைத்துப் பாருங்கள். மகளுக்குச் சீர்ப் பாத்திரம் வாங்க அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. முன்பெல்லாம் பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் விசாரித்தார்கள். இப்போது பஸ்ஸிலேயே “பித்தளைப் பாத்திரக் கடை, மதுரை” என்று செல்போனில் தேடிவிடுகிறார்கள். ஆட்டோக்காரருக்கு உங்கள் தாத்தாவைத் தெரியும். செல்போனுக்குத் தெரியாது. நாம்தான் சொல்லிவைக்க வேண்டும்.

சொல்லிவைக்கக் காசு கிடையாது. கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர். 2014இல் ‘கூகுள் மை பிசினஸ்’ என்று வந்தது, 2021இல் இந்தப் பெயருக்கு மாறியது. கடைப் பெயர், முகவரி, திறக்கும் நேரம், போன் நம்பர், என்ன வியாபாரம், நான்கைந்து நல்ல படங்கள். கடை உங்களுடையதுதான் என்று உறுதிசெய்ய, பெயர்ப் பலகையையும் கடையின் உள்ளேயும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். மகன் ஒரு மதிய நேரத்தில் முடித்துவிடுவார்.

முகவரியில் மட்டும் நீங்கள் கண் வையுங்கள். மதுரையில் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று அடுக்கடுக்காக வீதிகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு திசை. கீழ மாசி வீதிக் கடைக்கு மேல மாசி வீதியில் புள்ளி விழுந்துவிட்டால் வாடிக்கையாளர் கோயிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு உங்களைத் திட்டுவார். கடை வாசலில் நின்று அந்தப் புள்ளியைச் சரிபாருங்கள். வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று ஒரு வரி சேர்த்தால் வெளியூர்க்காரர் வாழ்த்துவார். சித்திரைத் திருவிழாவில் கடை நேரம் மாறினால் அந்த நாட்களுக்கு மட்டும் தனி நேரம் போடவும் வசதி இருக்கிறது.

கே: என் ஒர்க்‌ஷாப்புக்கு 20 வயது. போன வருடம் திறந்த கடை கூகுளில் எனக்கு மேலே வருகிறது. இது என்ன நியாயம்?
— டூவீலர் மெக்கானிக், கே.கே. நகர்

ப: கூகுள் மேப்ஸ் வரிசைக்கு மூன்று கணக்கு: பொருத்தம், தூரம், பிரபலம். தேடியவர் கேட்டதும் உங்கள் தொழிலும் ஒன்றா, தேடுகிற இடத்திலிருந்து நீங்கள் எவ்வளவு பக்கம், உங்களைப் பற்றி எத்தனை பேர் என்ன எழுதியிருக்கிறார்கள். தூரத்தை மாற்ற முடியாது. மற்ற இரண்டும் உங்கள் கையில். தொழில் வகையில் பொதுவாக ‘ஒர்க்‌ஷாப்’ என்று போட்டு விட்டிருந்தால், ‘மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை’ என்று திருத்துங்கள். பஞ்சர், இன்ஜின் வேலை, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்று செய்கிற வேலைகளைத் தனித்தனியாக எழுதுங்கள். வண்டியை எடுத்துப்போகும் வாடிக்கையாளரிடம் ரிவ்யூ எழுதச் சொல்லுங்கள். 20 வருட வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், கேட்கத்தான் கூச்சம். கூச்சத்தை விடுங்கள்.

இந்த வரிசையில் காசு கொடுத்து மேலே ஏற வழியில்லை என்று கூகுளே சொல்கிறது. காசு கொடுத்து வருபவை விளம்பரம் என்ற அடையாளத்தோடு வரும். கடைப் பெயரோடு ‘மதுரை நம்பர் 1 பெஸ்ட் மெக்கானிக்’ என்று வால் சேர்க்காதீர்கள். பலகையில் இருக்கும் பெயர்தான் அங்கேயும் இருக்க வேண்டும். மீறினால் பக்கத்தையே முடக்கிவிடுவார்கள்.

கே: சுந்தர் பிச்சை பிறந்தது மதுரையில்தானே? ஊர்க்காரர்களுக்கு ஏதாவது சலுகை உண்டா?
— கல்லூரி மாணவர், தல்லாகுளம்

ப: 1972இல் இங்கேதான் பிறந்தார், 2015இல் கூகுளின் தலைமை நிர்வாகி ஆனார். சலுகை கிடையாது. கலிஃபோர்னியாவில் இருக்கும் காபிக்கடைக்கும் காளவாசல் டீக்கடைக்கும் அதே இலவசப் பக்கம்தான். அதைவிட நமக்கு என்ன வேண்டும்?

கே: மாதம் 15 ஆயிரம் கொடுத்தால் மூன்றே மாதத்தில் கூகுளில் முதலிடம், உத்தரவாதம் என்கிறது ஒரு கம்பெனி. நம்பலாமா?
— திருமண மண்டப உரிமையாளர், திருமங்கலம்

ப: வேண்டாம். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் தன் வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறது. முதலாளியே தராத உத்தரவாதத்தைத் தரகர் எப்படித் தருவார்?

ஒரு காலத்தில் ஒரே சொல்லைப் பக்கம் முழுக்கத் திணிப்பது, காசு கொடுத்து மற்ற தளங்களில் இணைப்பு வாங்குவது என்று குறுக்கு வழிகள் ஓடின. 2011இல் ‘பாண்டா’, 2012இல் ‘பென்குவின்’ என்று கூகுள் இரண்டு மாற்றங்கள் கொண்டுவந்தது. குறுக்கு வழியில் ஏறிய தளங்கள் சரிந்தன. அந்தப் பழைய சரக்கை இன்றும் விற்பவர்கள் இருக்கிறார்கள்.

கூகுள் தேடலில் பக்கத்தை முன்னால் கொண்டுவரும் வேலைக்கு எஸ்இஓ என்று பெயர். அதை ஒழுங்காகச் செய்கிறவர்களும் நம் ஊரில் உண்டு. அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் பக்கத்தில் என்னென்ன மாற்றுவீர்கள்? மாதக் கடைசியில் எதைக் காட்டிக் கணக்குச் சொல்வீர்கள்? கணக்கும் பாஸ்வேர்டும் யார் பெயரில் இருக்கும்? மூன்றுக்கும் நேரான பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.

அதற்கும் முன்னால் நீங்களே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மண்டபம் கேட்டு வருகிறவர் போனில் என்ன கேட்கிறார்? எத்தனை பேர் உட்காரலாம், ஒரு பந்தியில் எத்தனை இலை, மாப்பிள்ளை வீட்டுக்கு எத்தனை அறை, ஏசி உண்டா, ஜெனரேட்டர் உண்டா, கார் நிறுத்த இடம், முகூர்த்த நாள் வாடகை. இந்தக் கேள்விகளையும் பதில்களையும் அப்படியே உங்கள் பக்கத்தில் எழுதி வையுங்கள். எஸ்இஓ என்பதில் முக்கால்வாசி இதுதான். வாடகையை மறைத்துவிட்டு ‘போன் செய்யவும்’ என்று போடுகிறவர்களை விட்டு ஜனங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

கே: பரம்பரையாகச் சுங்குடி செய்கிறோம். ஆன்லைனில் அச்சுச் சேலையை ‘ஒரிஜினல் சுங்குடி’ என்று பாதி விலைக்கு விற்கிறார்கள். நாங்கள் எப்படிப் போட்டி போடுவது?
— சுங்குடி உற்பத்தியாளர், மதுரை

ப: இந்தக் கேள்விக்காகவே இந்த இதழில் கூடுதல் இடம் கேட்டு வாங்கினேன்.

விலையில் போட்டி போடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். அவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: முடிச்சு. துணியை விரல் நுனியில் கிள்ளி நூலால் சுற்றி, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் கட்டி, சாயத்தில் முக்கி, காயவைத்து, பிறகு அவிழ்க்கிறீர்கள். சாயம் ஏறாத இடமெல்லாம் புள்ளியாகப் பூக்கிறது. சௌராஷ்டிர சமூகத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த வேலை இது. அந்த முடிச்சு அவிழும் நொடியை வீடியோ எடுத்துப் போடுங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம். கட்டுகிற அம்மாவே, எத்தனை வயதில் கற்றுக்கொண்டார், ஒரு சேலைக்கு எத்தனை நாள் ஆகிறது என்று தன் வாயால் சொல்லட்டும். அதைப் பார்த்தவருக்கு விலை ஏன் அதிகம் என்று விளக்கத் தேவையிருக்காது. முகம் காட்ட அவருக்கு விருப்பமில்லையென்றால் கையை மட்டும் காட்டினாலே போதும். அவர் நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள்.

இரண்டாவது, அச்சையும் முடிச்சையும் நீங்களே பிரித்துக் காட்டுங்கள். கைமுடிச்சுப் புள்ளி ஒன்றைப் போல ஒன்று இருக்காது. அவிழ்த்த புதிதில் துணியில் சிறு சிறு மேடு தெரியும். அச்சுப் புள்ளி எல்லாம் ஒரே அளவு. இரண்டு சேலையையும் பக்கத்தில் விரித்து ஒரு படம், கீழே நான்கு வரி. “அசல் சுங்குடியைக் கண்டுபிடிப்பது எப்படி” என்று தேடுகிறவருக்கு உங்கள் பக்கம்தான் கிடைக்க வேண்டும். அச்சுச் சேலையும் நீங்கள் விற்பவராக இருந்தால் அதன்மேல் ‘அச்சு’ என்றே எழுதுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை, மறைத்தால்தான் அவமானம்.

மூன்றாவது, மதுரை சுங்குடிக்கு 2005இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி உற்பத்தியாளர் தன்னை அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு இருந்தால் அதை ஒவ்வொரு படத்துக்கும் கீழே சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் வேலையாக அதற்கு விண்ணப்பியுங்கள்.

எழுதும்போது சுங்குடி, சுங்கடி என்று இரண்டு எழுத்திலும் எழுதுங்கள், இரண்டு விதமாகவும் தேடுகிறார்கள். சாயம் போகுமா, முதல் முறை எப்படித் துவைப்பது, ரவிக்கைத் துணி சேர்ந்ததா, நீளம் எவ்வளவு — இவற்றுக்கான பதில் ஒவ்வொரு சேலைக்கும் கீழே இருக்கட்டும். படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். டியூப்லைட்டில் அரக்கு சிவப்பாகிவிடும், சேலை திரும்பி வரும்.

கே: யூடியூபில் கிராமத்துச் சமையல் போட்டுக் கோடி சந்தாதாரர் சேர்த்தார்களே, நானும் என் மெஸ்ஸுக்கு ஒரு சேனல் ஆரம்பிக்கட்டுமா?
— மெஸ் நடத்துபவர், உசிலம்பட்டி

ப: ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துக்காரர்கள். 2018இல் தொடங்கினார்கள். தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் பெரிய பாத்திரம் வைத்துச் சமைத்து ஊருக்குப் பரிமாறினார்கள். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த ஜூலையில் தமிழில் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்ட முதல் சேனல் ஆனார்கள். கிடைத்த பணத்தில் 10 லட்சம் ரூபாயை முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மதிப்பு.

ஆனால் அவர்கள் வியாபாரம் வேறு, உங்கள் வியாபாரம் வேறு. பார்ப்பவர் கனடாவில் இருந்தாலும் அவர்களுக்கு வருமானம். உங்களுக்கோ உசிலம்பட்டியில் மதியம் ஒரு மணிக்குப் பசியோடு இருப்பவர் வர வேண்டும். கோடிப் பேர் தேவையில்லை, நாளைக்கு நூறு பேர் கூடுதலாக வந்தால் போதும். அதற்கு யூடியூப் சேனலைவிடக் கூகுள் மேப்ஸும், காலை 11 மணிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் “இன்று நாட்டுக்கோழி, அயிரை மீன் குழம்பு” என்ற ஒரு வரியும் அதிகம் உதவும். ஆசை விடவில்லையென்றால் சேனலையும் ஆரம்பியுங்கள், அடுப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கே: எங்கள் ஜிகர்தண்டா ரீல்ஸை 2 லட்சம் பேர் பார்த்தார்கள். விற்பனை ஒரு டம்ளர்கூடக் கூடவில்லை. ஏன்?
— ஜிகர்தண்டா கடைக்காரர், விளக்குத்தூண் அருகே

ப: ரீல்ஸில் கடை எங்கே இருக்கிறது என்று சொன்னீர்களா? பால் சுண்டுவதும் கடல்பாசி விழுவதும் ஐஸ்கிரீம் ஏறுவதும் அழகாக இருந்திருக்கும். பார்த்தவருக்கு நாக்கில் நீர் ஊறியிருக்கும்; வழி தெரியாமல் அடுத்த ரீல்ஸுக்குப் போயிருப்பார். முதல் மூன்று நொடிக்குள் ‘மதுரை விளக்குத்தூண்’ என்று எழுத்தில் காட்டுங்கள். கடைசியில் கடைப் பெயர், நேரம். கீழே எழுதும் குறிப்பிலும் ஊர், தெரு, பொருள் மூன்றும் இருக்கட்டும். 2025 ஜூலை முதல் இன்ஸ்டாகிராமின் தொழில்முறைக் கணக்குகளில் வரும் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலிலும் வருகின்றன. நீங்கள் எழுதுகிற வரி இப்போது இரண்டு இடத்தில் வேலை செய்கிறது.

கே: ஒரு ஃபுட் விளாகர் வீடியோ போட 25 ஆயிரம் கேட்கிறார். “காசு வாங்கியதாகச் சொல்ல மாட்டேன், இயல்பாக இருக்கும்” என்கிறார். கொடுக்கலாமா?
— பிரியாணிக் கடைக்காரர், கோரிப்பாளையம்

ப: காசு கொடுப்பது தவறில்லை, மறைப்பதுதான் தவறு. காசோ இலவசச் சாப்பாடோ வாங்கிக்கொண்டு போடுகிற வீடியோவில் ‘விளம்பரம்’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் விதி போட்டது. ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் அதையே வழிகாட்டியாக வெளியிட்டது. பொய்யான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரம் கொடுத்தவர், நடித்தவர் இருவருக்கும் உண்டு.

சட்டத்தை விடுங்கள். வீடியோ பார்த்து அந்த ஞாயிற்றுக்கிழமை 400 பேர் வந்து நின்றால் உங்கள் தேக்சா தாங்குமா? தாங்காது என்றால் அந்தக் கூட்டம் பசியோடு திரும்பிப் போய் ஒற்றை நட்சத்திரம் போடும். முதலில் சமையலறையைத் தயார் செய்யுங்கள்.

கே: “ரிவ்யூ போட்டால் ஒரு ரோஸ்மில்க் இலவசம்” என்று போர்டு வைக்கலாமா?
— பேக்கரி உரிமையாளர், மேலூர்

ப: கூடாது. பரிசு கொடுத்து ரிவ்யூ வாங்குவதைக் கூகுள் தடை செய்திருக்கிறது. காசுக்கு வாங்கிய போலி விமர்சனத்தைத் தடுக்க இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரவிதி வெளியிட்டிருக்கிறது. பில்லோடு ஒரு க்யூஆர் கோடு கொடுத்து, “உங்கள் கருத்தை எழுதுங்கள்” என்று சொன்னால் போதும். ரோஸ்மில்க்கை, எழுதாதவர்களுக்கும் சேர்த்து ஒரு நாள் சும்மா கொடுங்கள்.

கே: யாரோ ஒருவர் எங்கள் ஹோட்டலுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, “சப்ளை மோசம்” என்று எழுதிவிட்டார். இரவெல்லாம் தூக்கமில்லை.
— ஹோட்டல் உரிமையாளர், அண்ணா நகர், மதுரை

ப: தூங்குங்கள். காலையில் எழுந்து இப்படி எழுதுங்கள்: “வணக்கம். சனிக்கிழமை இரவு ஆள் பற்றாக்குறையால் தாமதமானது உண்மைதான், மன்னிக்க வேண்டும். இப்போது இன்னொருவரைச் சேர்த்திருக்கிறோம். மறுபடி வாருங்கள்.” அவர் வருகிறாரோ இல்லையோ, அதைப் படிக்கும் அடுத்தவர் வருவார். நடந்தது உண்மையாக இருந்தால் மட்டும் இப்படி எழுதுங்கள், ஆளையும் உண்மையாகவே சேருங்கள்.

வராத ஆள் வன்மத்தில் எழுதியிருந்தால் கூகுளிடம் புகார் செய்யலாம். “பணம் கொடு, அழிக்கிறேன்” என்று யாராவது மிரட்டினால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள்.

கே: மல்லிகை கமிஷன் மண்டி வைத்திருக்கிறேன். எனக்கு வெப்சைட் தேவையா?
— பூ வியாபாரி, மாட்டுத்தாவணி

ப: தேவையில்லை. காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை என்று போகும் பொருள் உங்களுடையது. மார்கழிப் பனியில் வரத்து குறைந்தால் கிலோ ஆயிரங்களில் நிற்கும். அந்த வேகத்துக்கு வெப்சைட் ஓடாது. 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் போதும். பூக்கடைக்காரர், மண்டப அலங்காரம் செய்பவர், வெளியூர் வியாபாரி என்று பிரித்து வைத்துக்கொண்டு காலை விலையை பிராட்காஸ்ட்டில் அனுப்புங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும், அதனால் முதலில் சேமிக்கச் சொல்லுங்கள். கேட்காதவருக்கு அனுப்பாதீர்கள், நாலு பேர் பிளாக் செய்து புகார் கொடுத்தால் நம்பரே முடங்கும்.

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்புகிற அளவுக்கு வளரும்போது அதைச் சொல்ல ஒரு வெப்சைட் கட்டுங்கள்.

கே: கொலு பொம்மை செய்கிறோம். நவராத்திரிக்குப் பத்து நாள் முன்னால் பேஸ்புக்கில் போட்டோம், ஆர்டர் வரவில்லை.
— மண்பொம்மைக் கலைஞர், விளாச்சேரி

ப: பத்து நாள் போதவே போதாது. சென்னைக்காரர் பொம்மையைத் தேர்ந்தெடுத்து, பணம் அனுப்பி, அது உடையாமல் பார்சலில் போய்ச்சேர வேண்டாமா? கூகுள் டிரெண்ட்ஸ் என்று ஒரு இலவசப் பக்கம் இருக்கிறது. ‘கொலு பொம்மை’ என்று போட்டால் ஆண்டு முழுக்க எந்த வாரத்தில் எவ்வளவு அதிகமாகத் தேடுகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோடு ஏறத் தொடங்குவதற்கு முன்பே உங்கள் படங்கள் இணையத்தில் இருக்க வேண்டும். ஆடி பிறந்ததும் ஆரம்பியுங்கள். கிறிஸ்துமஸ் குடில் செட்டுக்கும் இதே கணக்கு, தீபாவளி வரை காத்திருக்காதீர்கள்.

ஒவ்வொரு செட்டுக்கும் உயரம் எத்தனை அங்குலம், எத்தனை உருப்படி, மண்ணா காகிதக் கூழா, பார்சலில் உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுதுங்கள். களிமண் உருண்டை முகமாகிற வீடியோவும் போடுங்கள். கண் திறக்கிற கடைசித் தூரிகையை யாராலும் பார்க்காமல் தாண்டிப் போக முடியாது. பண்டிகை முடிந்ததும் பக்கத்தை அழித்துவிடாதீர்கள், அடுத்த வருடம் அதே முகவரிக்குத்தான் கூகுள் ஆட்களை அனுப்பும்.

கே: தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?
— தையற்கலைஞர், சிம்மக்கல்

ப: இரண்டிலும். ஆனால் தமிழை முதலில். மைக்கை அமுக்கி “பக்கத்துல பிளவுஸ் தைக்கிற கடை” என்று பேசித் தேடுகிறவர்கள் நிறைய. அவர்கள் பேசுகிறபடியே எழுதுங்கள். ‘ஆடை வடிவமைப்பகம்’ என்று யாரும் தேடுவதில்லை.

கே: புதுமண்டபத்தில் இருந்த எங்கள் கடை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டது. கூகுளில் இன்னும் பழைய இடம். புதிதாக ஒரு பக்கம் திறக்கட்டுமா?
— துணிக்கடைக்காரர், மதுரை

ப: திறக்காதீர்கள். பழைய பக்கத்திலேயே முகவரியைத் திருத்துங்கள், ரிவ்யூ எல்லாம் கூடவே வரும். புதுமண்டபத் தூண்களுக்கு நடுவே தைத்த ஞாபகத்தில் தேடி வருகிறவர்களுக்கு, ‘முன்பு புதுமண்டபத்தில்’ என்று விளக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கே: எங்கள் சித்த மருந்து சர்க்கரை நோயை முழுதாகக் குணமாக்கும். ரீல்ஸ் போட்டால் பிய்த்துக்கொண்டு போகுமல்லவா?
— நாட்டு மருந்துக் கடைக்காரர், வாடிப்பட்டி

ப: போடாதீர்கள். 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. உங்கள் ரீல்ஸைப் பார்த்து ஒருவர் இன்சுலினை நிறுத்தினால் அவர் உயிருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். சுக்கு, திப்பிலி, அதிமதுரம் நல்ல தரத்தில் கிடைக்கும் என்று சொல்லுங்கள். அதற்கே கூட்டம் வரும்.

கே: பேஸ்புக்கில் ‘பூஸ்ட்’ அமுக்கினேன், 3 ஆயிரம் ரூபாய் போனது. லைக் வந்தது, ஆள் வரவில்லை.
— ஃபர்னிச்சர் கடைக்காரர், சோழவந்தான்

ப: தமிழ்நாடு முழுக்க என்று விட்டிருப்பீர்கள். தர்மபுரியில் இருப்பவர் சோழவந்தானுக்குக் கட்டில் வாங்க வர மாட்டார். கடையைச் சுற்றி 15 கிலோமீட்டர் என்று குறுக்குங்கள், லைக்குக்குப் பதில் போன் அல்லது வாட்ஸ்அப் என்று நோக்கத்தை மாற்றுங்கள், ஒரே ஒரு கட்டிலை விலையோடு காட்டுங்கள். தினம் 200 ரூபாய் என்று ஒரு வாரம் பாருங்கள். விளம்பரச் செலவுக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள். வந்தவரிடம் “எதைப் பார்த்து வந்தீர்கள்” என்று கல்லாவில் கேட்டு நோட்டில் குறியுங்கள். அந்த நோட்டு சொல்வதுதான் உண்மைக் கணக்கு.

கே: கடைப் பக்கத்தை ஆரம்பித்துக் கொடுத்த தம்பி சிங்கப்பூர் போய்விட்டான். பாஸ்வேர்டு அவனிடம்.
— ஸ்டுடியோ உரிமையாளர், திருப்பரங்குன்றம்

ப: இன்றே போன் செய்து வாங்குங்கள், சண்டை ஏதாவது வருவதற்கு முன்னால். கூகுள், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் உரிமையாளர் நீங்கள், வேலை செய்பவர் மேலாளர் மட்டும் என்று அமைக்கலாம். கடைப் பத்திரத்தை வேலையாள் பெயரில் எழுதுவீர்களா? வாடிக்கையாளர் நம்பர்களை உங்கள் கையிலும் ஒரு நோட்டில் வைத்திருங்கள். 2020 ஜூன் 29ஆம் தேதி டிக்டாக் தடை வந்தபோது லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

கே: “கூகுளிலிருந்து பேசுகிறோம், புதுப்பிக்காவிட்டால் உங்கள் கடை அழிந்துவிடும்” என்று போன் வருகிறது.
— கண்ணாடிக் கடைக்காரர், டவுன்ஹால் ரோடு

ப: வைத்துவிடுங்கள். பக்கத்தை வைத்திருக்கக் கூகுள் காசு வாங்குவதில்லை. ஓடிபி கேட்டால் அது திருட்டு. பணம் போய்விட்டால் உடனே 1930.

கே: இனிமேல் எல்லோரும் ஏஐயிடம்தானே கேட்கப் போகிறார்கள்? இவ்வளவும் வீண்தானே?
— ஐடி ஊழியர், வடபழஞ்சி

ப: தேடல் பக்கத்தின் உச்சியில் ஏஐ பதில் எழுதும் வசதியைக் கூகுள் 2024இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அந்த ஏஐ தானாக மதுரைக்கு வந்து கடை கடையாகப் பார்ப்பதில்லை. எழுதி வைத்ததைப் படித்துத்தான் சொல்கிறது. நாம் சரியாக எழுதாவிட்டால் வேறு யாரோ தவறாக எழுதியதைச் சொல்லும். வேலை கூடியிருக்கிறது, குறையவில்லை.

கே: நான் கடைக்காரன் இல்லை. ஓய்வு பெற்றவன். இந்தப் பக்கத்தில் எனக்கு என்ன இருக்கிறது?
— ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், எஸ்.எஸ். காலனி

ப: இத்தனை கடைக்காரர்களும் கேட்பது உங்களைப் போன்ற ஒருவரின் இரண்டு வரியைத்தான். நல்ல இட்லி சாப்பிட்டால் எந்தக் கடை, என்ன நன்றாக இருந்தது என்று தமிழில் எழுதுங்கள். குறை இருந்தால் முதலில் கல்லாவில் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் அதையும் எழுதுங்கள். பெரிய கடைகளுக்கு எழுத ஆள் இருக்கிறது. உங்கள் தெருமுனையில் செருப்புத் தைப்பவருக்கும் குடை சரி செய்பவருக்கும் சாணை பிடிப்பவருக்கும் இல்லை. கூகுள் மேப்ஸில் விடுபட்ட இடத்தை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். இன்று மாலை நடை போகும்போது அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால், அவர் கடையைச் சேர்த்துவிட்டு வாருங்கள்.